இரண்டு மணிக்கு ஒருதரம்

மே 22

பழைய சத்துணவுக்கூட வருகைப் பதிவேட்டின் பின்பக்கம் நாற்பது தாள் வெறுமனே கிடந்தது. வீணாக்க மனமில்லை, இதில் எழுதுகிறேன். நடந்ததை யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருக்கிறது. இந்த ஆஸ்பத்திரி வார்டில் யாரிடம் வாயைத் திறந்தாலும் அவர்கள் தங்கள் கதையை ஆரம்பித்துவிடுகிறார்கள்.

என் மருமகள் ஆவுடைச்செல்வி கோவில்பட்டியில் தபாலாபீஸ் கவுண்டரில் வேலை பார்க்கிறாள். பதினாறாம் தேதி காலை ஸ்கூட்டரில் வேலைக்குப் போனவள் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தில் விழுந்தாள். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. முதுகெலும்பு நொறுங்கி, உள்ளே ஓடும் தண்டுவடம் நசுங்கிவிட்டது. திருநெல்வேலிக்குக் கொண்டுவந்து ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை. வயது முப்பத்தொன்று. கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அவளுக்கும் அப்படியொன்றும் ஒட்டுதல் கிடையாது. அவள் வைக்கும் புளிக்குழம்பு எனக்குப் பிடிக்காது, நான் பேசும் பேச்சு அவளுக்குப் பிடிக்காது. அதற்காக அவளை இப்படி ஒரு கட்டிலில் பார்க்க எனக்கு மனசு வருமா.

மே 30

என் மகன் கற்பகராஜ் டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டான், நடப்பாளா என்று. பதினாலு நாளாக எல்லோரும் வாய்க்குள் வைத்திருந்த கேள்வி.

"நடக்கிறதப் பத்தி நான் வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றார் அந்த அம்மா. "உக்காருவாங்க. வண்டிச் சேர்ல போவாங்க, வருவாங்க. வேலையும் பாக்கலாம். ஆனா அதுக்கு உடம்புல படுக்கைப் புண் வராம இருக்கணும்."

நமக்கெல்லாம் ஒரே பக்கம் படுத்தால் வலிக்கும், தூக்கத்திலேயே புரண்டுவிடுவோம். ஆவுடைக்கு வலி தெரியாது. தெரியாததால் புரள மாட்டாள், புரளாத இடம் அழுகிவிடும். ஆகவே இரண்டு மணிக்கு ஒருதரம் நாங்கள்தான் இடது, மல்லாக்க, வலது என்று திருப்பிப்போட வேண்டும். திருப்பிய நேரத்தை ஒரு நோட்டில் எழுதவேண்டும்.

நோட்டு என்றதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. இருபத்தொன்பது வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். அரிசி, பருப்பு, முட்டை, வருகை என்று நான் எழுதாத நோட்டில்லை.

ஜூன் 9

வீட்டுக்கு வந்தாயிற்று. முன்னறைக்கு அடுத்த அறையில் கட்டில். நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஐந்து பத்தி பிரித்தேன்: தேதி, மணி, எந்தப் பக்கம், குடித்த தண்ணீர், டியூப் வழியாகப் பையில் சேரும் மூத்திரத்தின் அளவு. பகல் முழுக்க நான். இரவு கற்பகராஜ். அவனுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் மேற்பார்வை வேலை, காலை எட்டுக்குப் போகவேண்டும். கண் இரண்டும் குழிந்து கிடக்கிறது.

கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பால் திரிந்துவிட்டது.

ஜூன் 10

அவளைத் திருப்பும்போது முதல்முறையாக என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிடிமானத்துக்குத்தான்.

ஜூன் 27

சங்கரன்கோவிலிலிருந்து சம்பந்தியம்மா வந்தாள். வந்ததிலிருந்து அழுகை. சாப்பிட்டுக் கை கழுவியபிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"மதினி, ஒங்களுக்கும் முட்டுவலி. நான் எம்பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருதேன். கொஞ்சம் தேறினதும் கொண்டாந்து விடுதேன்."

தேறினதும் என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் உடம்புக்கு முடியாத மருமகளைத் தாய்வீட்டில் கொண்டுவிடுவார்கள். முதல் மாதம் புருஷன் வாராவாரம் பழம் வாங்கிக்கொண்டு போவான். பிறகு மாதம் ஒருமுறை. ஒரு வருஷம் கழித்து இரண்டு பக்கத்துப் பெரியாட்களும் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்கள். இப்படி மூன்று வீடு எனக்குத் தெரியும்.

"ஏன், நான் ஒழுங்காப் பாக்கலையா?" என்று கேட்டேன். நோட்டை எடுத்துக் காட்டினேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை. சம்பந்தியம்மா நோட்டைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் அழுதாள்.

உள்ளேயிருந்து ஆவுடை சத்தம் கொடுத்தாள்: "எம்மா, நான் எங்கயும் வரல. எம் பீரோ இங்கதான் இருக்கு."

ஜூலை 15

ஜெபசீலி என்று ஒரு பிசியோதெரபி பெண் வாரம் மூன்று நாள் வருகிறாள். ஒல்லிக்குச்சி. ஆனால் ஆவுடையை அலாக்காகத் தூக்கி உட்காரவைத்துவிடுகிறாள். இன்று முதல்முறையாகச் சக்கர நாற்காலி. எட்டு நிமிஷம். ஆவுடைக்கு வேர்த்துக் கொட்டியது, முகம் வெளுத்துவிட்டது. இறக்கட்டுமா என்று ஜெபா கேட்டதற்கு, "ஜன்னல் பக்கமாத் திருப்பு" என்றாள்.

ரோட்டில் ஒன்றுமே இல்லை, ஒரு மாடு நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சட்னிக்குத் தேங்காய் கீறப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 2

அரை மணி நேரம் உட்கார்ந்தாள். தபாலாபீஸிலிருந்து கடிதம். ஜனவரியில் மருத்துவக் குழு பார்க்குமாம். கவுண்டரில் ஒரே மூச்சில் நாலு மணி நேரம் உட்காரமுடியும் என்று எங்கள் டாக்டரம்மாவும் எழுதிக் கொடுக்கவேண்டுமாம். ஆவுடை கடிதத்தை மூன்று தரம் படித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். "உக்காந்துருவேன் அத்தே" என்றாள். அவள் என்னிடம் தானாகப் பேசியது இந்த வாரத்தில் இதுதான்.

ஆகஸ்ட் 11

ஓட்டப்பிடாரத்திலிருந்து என் அண்ணன் வந்தார். பதினொரு மணிக்கு வந்தவர் நாலரை மணி பஸ்ஸுக்குத்தான் போனார். பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். வெண்டைக்காய்ப் பொரியல் தீய்ந்துவிட்டது.

ஆவுடைக்குப் பன்னிரண்டு, இரண்டு, நாலு எல்லாம் நோட்டில் எழுதியிருக்கிறது.

ஆகஸ்ட் 13

அவள் இடது இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. அழுத்தினாலும் வெளுக்கவில்லை, புண்ணுக்கு அதுதான் முதல் அடையாளமாம். ஜெபா பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் நோட்டை நீட்டினேன்.

ஆகஸ்ட் 21

தோல் கழன்று புண்ணாகிவிட்டது. வாடகைக் கார் பிடித்துத் திருநெல்வேலி போனோம்.

டாக்டரம்மா நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பக்கத்தில் நின்ற சின்ன டாக்டர்களிடம் கொடுத்து, "ஒரு வீட்ல எப்படிப் பாக்கணும்ங்கிறதுக்கு இத உதாரணமா வச்சுக்கிடலாம்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்குப் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்ள மட்டும்தான் தெரிந்தது.

பிறகுதான் அவர் சொன்னார்: "இவ்வளவு சரியாத் திருப்பியும் புண்ணு வந்திருக்குன்னா இவங்க தோலுக்குத் தாங்கிற சக்தி இல்ல. மணிக்கு ஒருதடவ திருப்புங்க. சேர்ல கால் மணி நேரத்துக்கு மேல வேண்டாம். புண்ணு ஆறினாலும் அவ்வளவுதான். உக்காந்து பாக்கிற வேலை கஷ்டம்மா."

ஆவுடை காரில் வரும்போது கங்கைகொண்டான் தாண்டும்வரை கண்ணை மூடியே இருந்தாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 3

மணிக்கு ஒருதரம் திருப்புகிறேன். சக்கர நாற்காலி கால் மணி நேரம். அலாரம் அடித்ததும் அவளே "இறக்குங்க" என்கிறாள். ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்வதில்லை. தபாலாபீஸ் கடிதம் தலையணைக்கடியில் இல்லை. தேடினேன், கற்பகராஜிடம் சொல்லிப் பீரோவுக்குள் வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 9

இன்று எழுத ஒன்றுமில்லை. மோட்டார் ரிப்பேர்.

செப்டம்பர் 17

ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கற்பகராஜ் சுத்தியலும் உளியுமாகக் குளியலறைச் சுவரை இடிக்க ஆரம்பித்துவிட்டான். கதவு இரண்டடிதான், நாற்காலி நுழையாது. அதை மூன்றடியாக்க வேண்டுமாம். ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை. வீடெல்லாம் செங்கல் தூசி.

நடுவில் என் அண்ணன் அவனுக்குப் போன் பண்ணினார். எடுத்துக் காதில் வைத்தான், ஒரு நிமிஷம் கேட்டான், பதிலே சொல்லாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி இடிக்கப் போய்விட்டான். "அலோ, அலோ, அங்க என்ன சத்தம்?" என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சொவர இடிக்கான்" என்றேன்.

"இப்ப எதுக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அவன் பொண்டாட்டி குளிக்கதுக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். மத்தியானம் அவனுக்கு முட்டை இரண்டு வைத்தேன்.

அக்டோபர் 4

நாளை மறுபடி டாக்டரம்மாவைப் பார்க்கவேண்டும். புண் ஆறிவிட்டது. கால் மணி நேரம் மட்டும் அப்படியே நிற்கிறது.

எழுதிவிடுகிறேன். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி பத்து மணிக்கு அவளை இடது பக்கம் திருப்பினேன். அதன்பிறகு நாலே முக்கால் வரை திருப்பவில்லை. ஒன்றரைக்குச் சோறு கொண்டுபோனேன், வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் பார்ப்போம் என்று தட்டை மூடிவைத்துவிட்டு அண்ணனிடம் வந்துவிட்டேன். அவர் போனபிறகு நோட்டை எடுத்துப் பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று கோடு பிசகாமல் எழுதினேன். இது எனக்குப் பழக்கம். சத்துணவில் விறகு நனைந்து ஒரு மணிக்குச் சோறு போட்டாலும் நோட்டில் பன்னிரண்டரை என்றுதான் இருக்கும். மேலதிகாரி வந்து நோட்டைத்தான் பார்ப்பார், சோற்றை அல்ல. இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு கேள்வி வந்ததில்லை.

இந்த ஒரு பொய்யால் அவள் தோல்மேல் பழி விழுந்துவிட்டது. வேலையும் போகப்போகிறது.

இன்னொன்றும் உண்டு. அண்ணன் வந்தது கற்பகராஜுக்கு வேறு பெண் சொல்ல. கயத்தாற்றில் ஒரு பெண் இருக்கிறதாம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. "பொண்ணுக்கு வயசு என்ன?" என்று கேட்டேன்.

அக்டோபர் 5

சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா நோட்டைக் கையில் எடுத்தார். மகனும் மருமகளும் பக்கத்தில் இருந்தார்கள். அவர்களை வெளியே போகச்சொல்லிவிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படிச் சொன்னால் அது பாதிப் பொய் என்று விட்டுவிட்டேன்.

"டாக்டரம்மா, ஆகஸ்ட் பதினொண்ணு பக்கத்தப் பாருங்க. அதுல மூணு வரி நான் பொய்யா எழுதினது. ஏழு மணி நேரம் கிட்ட ஒரே பக்கமாக் கிடந்தா. அவ தோலுக்கு ஒண்ணுமில்ல. தப்பு எம்மேல."

கற்பகராஜ் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். டாக்டரம்மா அந்தப் பக்கத்தைப் படித்தார். என் காது இரண்டும் கொதித்தது. இந்த வயதில் இப்படித் தலைகுனிந்து நிற்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆவுடைதான் முதலில் பேசினாள். "எனக்கும் தெரியும் டாக்டர். நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல."

"ரெண்டு பேருமா சேந்து என்ன ரெண்டு மாசம் ஏமாத்திட்டீங்க" என்றார் டாக்டரம்மா. கோபம்தான். இருந்தும் பேனாவை எடுத்துச் சீட்டில் கால் மணி நேரம் என்றிருந்ததைக் குறுக்கே அடித்தார். "ஏழு மணி நேரம் அசையாமக் கெடந்தா என் தோலும்தான் புண்ணாகும். நாளைக்கே உக்காருங்க. வாரம் அரை மணி நேரம் கூட்டுங்க. டிசம்பர் கடைசில வந்து காட்டுங்க. பெரியம்மா, நீங்க இனிமே நோட்டு எழுதவேண்டாம்."

இருபத்தொன்பது வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைத்த ஒரே மெமோ. வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 6

மகன் ஆபீஸுக்குப் போனபிறகு ஆவுடை கூப்பிட்டாள்.

"நீங்க எல்லாத்தையும் சொல்லல அத்தே."

"எத?"

"பொண்ணுக்கு வயசு என்னன்னு கேட்டீயளே. நான் முழிச்சுத்தான் இருந்தேன். அதக் கேட்டப்புறம் ஒங்களக் கூப்பிட எனக்கு வாய் வரல. புண்ணு வந்தா வரட்டும்னு கெடந்தேன்."

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். யாரிடமும் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. என் வீட்டுக்காரர் உயிரோடிருந்தவரை அவர்தான் கேட்பார்.

"தப்புத்தான் தாயி. கேட்டிருக்கக் கூடாது" என்றேன். அழுகை வந்தது. அழுதேன்.

அவள் என் கையைப் பிடிக்கவில்லை. அப்படியெல்லாம் இளகுகிறவள் இல்லை அவள். "நான் மறக்க மாட்டேன் அத்தே. ஆனா நேத்து அம்புட்டுப் பேரு முன்ன சொன்னீயள்லா, அதையும் மறக்க மாட்டேன்" என்றாள். பிறகு, "நாற்காலியத் தள்ளுங்க. மணியாச்சு" என்றாள்.

சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டு, கயத்தாற்றுப் பேச்சை இனி எடுத்தால் என் வாசல் மிதிக்கவேண்டாம் என்று சொன்னேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வரட்டும்.

அக்டோபர் 30

ஒன்றரை மணி நேரம். நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் ஊன்றி உடம்பையே தூக்கி, பத்து எண்ணிவிட்டு இறங்கவேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒருதரம். அப்படித் தூக்கினால்தான் கீழே ரத்தம் ஓடும். முதல் வாரம் மூன்று எண்ணுவதற்குள் பொத்தென்று விழுந்தாள். நான் பிடிக்கப் போனால் ஜெபா முறைக்கிறாள்.

நவம்பர் 19

ஆவுடை இன்று கட்டில் கம்பியைப் பிடித்துத் தானாகப் புரண்டாள். இடது பக்கம், திரும்ப வலது பக்கம், மறுபடி இடது பக்கம். தேவையே இல்லாமல் ஏழெட்டுத் தரம் புரண்டாள். கற்பகராஜ் கைதட்டினான். நோட்டை அவனிடமிருந்து வாங்கி அவளே எழுதிக்கொண்டாள். அவள் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கிறது, சொல்லவில்லை.

டிசம்பர் 6

மூத்திரம் சேரும் பையையும் டியூபையும் கழற்றியாயிற்று. நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் அவளே கண்ணாடி வைத்து டியூப் விட்டு மூத்திரத்தை எடுத்துக்கொள்கிறாள். ஜெபா மூன்று நாள் சொல்லிக்கொடுத்தாள். மூன்றாம் நாள் ஆவுடை அறைக்கதவைச் சாத்தச் சொன்னாள். ஆறு மாதம் கழித்து அந்தக் கதவு இன்றுதான் சாத்தியது. சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

டிசம்பர் 28

நாலு மணி நேரம் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம் திமிருக்கு. டாக்டரம்மா உடம்பு முழுக்கப் பார்த்தார், ஒரு சிவப்பு இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஜனவரி 9

மருத்துவக் குழு. பத்து மணிக்கு வரச்சொன்னார்கள், ஒன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று டாக்டர்கள். அவர்களில் மூத்தவர் ஆவுடையைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "இவங்களால நாலு மணி நேரம் உக்கார முடியுமா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஆவுடை சொன்னாள்: "காலைல பத்து மணிலருந்து ஒங்க வராண்டாலதான் சார் உக்காந்திருக்கேன். இன்னும் அரை மணி நேரம் பேசுவோம், சரியாயிரும்."

மற்ற இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். மூத்தவர் சிரிக்கவில்லை, கையெழுத்துப் போட்டார். வரும்வழியில் நாலு முழம் மல்லிகை வாங்கி அவள் தலையில் நானே வைத்துவிட்டேன். வெட்கப்பட்டாள்.

ஜனவரி 22

இன்று வேலையில் சேர்ந்தாள்.

தபாலாபீஸ் வாசலில் மூன்று படி. போஸ்ட் மாஸ்டர் அதில் பாதியை மூடிச் சிமெண்டில் சரிவு போட்டுவைத்திருந்தார். கற்பகராஜ் தள்ளப் போனான், அவள் கையைத் தட்டிவிட்டாள். பாதியில் சக்கரம் நின்று கொஞ்சம் பின்னால் உருண்டது. பார்க்க வந்திருந்த சம்பந்தியம்மா கண்ணைப் பொத்திக்கொண்டாள். ஆவுடை பல்லைக் கடித்து இரண்டு தள்ளு தள்ளி ஏறி, திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

கற்பகராஜ் ஆபீஸுக்குப் போனான். சம்பந்தியம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டேன். நான் வீட்டுக்குத்தான் கிளம்பினேன், கால் மறுபடி தபாலாபீஸுக்கே போய்விட்டது. தண்ணீர் குடித்தாளா, கையூன்றித் தூக்கினாளா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நிம்மதி. கவுண்டர் முன்னால் பதினைந்து பேர் வரிசை. பக்கவாட்டில் நுழைந்து கம்பி ஜன்னலண்டை போய், "ஏத்தா" என்றேன்.

அவள் தலையைத் தூக்கவே இல்லை. "அத்தே, வரிசைல வாங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. நூற்றைம்பது பிள்ளைகளைத் தட்டோடு வரிசையில் நிறுத்தியவள் நான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போய்விடலாம் என்று வாசல்வரை போனேன். பிறகு திரும்பி வந்து கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றேன்.

அங்கிருந்து அவள் நன்றாகத் தெரிந்தாள். ஒரு பதிவுத் தபாலுக்கு முத்திரை குத்தினாள். ஒரு கிழவருக்குப் படிவத்தில் எங்கே கையெழுத்து என்று விரல் வைத்துக் காட்டினாள். சட்டென்று இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கினாள். எனக்குள்ளே ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பத்தில் இறங்கினாள். கிழவர் அவள் எதற்காகவோ எட்டிப் பார்க்கிறாள் என்று நினைத்திருப்பார். யாருக்கும் வித்தியாசமாகவே தெரியவில்லை. எல்லா ஊரிலும் கவுண்டரில் ஒரு பெண் கொஞ்சம் சிடுசிடுப்போடு உட்கார்ந்திருப்பாளே, அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து என் முறை வந்தது.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். பாக்கத்தான் வந்தேன்."

ஆவுடை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று உதட்டிலேயே தெரிந்தது.

"பாத்தாச்சுல்லா. அடுத்த ஆளு வாங்க."

நான் விலகி நின்று அடுத்த ஆளுக்கு வழிவிட்டேன். வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தேன். மார்க்கெட் முக்கில் தெரிந்தவள் ஒருத்தி பிடித்து நிறுத்தி, "என்னக்கா, தனியாச் சிரிச்சுக்கிட்டுப் போறீய?" என்று கேட்டாள்.